மத்ததெல்லாம் நமக்கெதுக்கு

உக்காருங்க அண்ணாச்சி. அக்கா, நீங்க அந்த ஸ்டூல்ல உக்காருங்க. துணியைத் தள்ளி வச்சுட்டு உக்காருங்க, கசங்கினா கசங்கட்டும், எப்படியும் தேச்சுத்தான் குடுப்பேன். தொட்டில் மட்டும் தலையில இடிச்சிராம பாத்துக்கோங்க. இப்பத்தான் கண்ணை மூடியிருக்கான். அவன் எந்திரிச்சான்னா நானும் பேச முடியாது, நீங்களும் கேக்க முடியாது.

தலைவர் வீட்டுக்கு வழியா? நேராப் போயி காளியம்மன் கோயிலைத் தாண்டினா பச்சைப் பெயிண்ட் அடிச்ச மாடி வீடு. வாசல்ல எந்நேரமும் நாலு ஜோடி செருப்புக் கிடக்கும். ஆனா உங்களுக்கு வேண்டியது வழி இல்லையே?

பதினொண்ணே கால் பஸ்ஸுல இறங்குனீங்க. வழி தெரியாதவுக இறங்கினதும் வழி கேப்பாக. நீங்க கேக்கலை. பால்ராசு கடையில ஆளுக்கு ஒரு டீ குடிச்சீங்க. அக்கா கோயிலுக்குப் போற மாதிரி போயி பூசாரிகிட்டப் பத்து நிமிஷம் நின்னாக. அப்புறம் ரெண்டு பேரும் தெருவை வேடிக்கை பாத்துக்கிட்டே வந்து என் மிஷின் முன்னாடி நிக்கிறீங்க. நீங்க பொண்ணு விசாரிக்க வந்திருக்கீங்க. தவசிலிங்கம் தலைவரோட மக இந்துமதியைப் பத்தி விசாரிக்க வந்திருக்கீங்க. இல்லைன்னு தலையாட்டாதீங்க அண்ணாச்சி, அக்கா முகம் ஆமான்னு சொல்லுது.

உங்களுக்காக நான் மூணு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கேன்.

ஆமா, உங்களுக்காகத்தான். நீங்க யாரு, எந்த ஊருன்னு தெரியாது. ஆனா என்னைக்காவது ஒரு நாள் அந்தப் பொண்ணை விசாரிச்சு யாராவது வருவாக, வந்தா தையக்காரி செண்பகவல்லிகிட்டக் கேக்காமப் போக மாட்டாகன்னு எனக்குத் தெரியும். பஸ்ஸை விட்டு இறங்கினா முதல்ல கண்ணுல படுறது என் மிஷின். எல்லா வீட்டுப் பொம்பளைக அளவும் எங்கிட்டத்தான் இருக்கு. தையக்காரிக்குத் தெரியாத சங்கதி இருக்குமான்னு வர்றவுக நெனைப்பாக. சரியாத்தான் நெனைக்கிறாக.

நான் என்ன சொல்லணும்னு முடிவு பண்ணி வச்சிருக்கேன். ஒரே ஒரு பேச்சு. "பொண்ணு நல்ல பொண்ணுதான். மத்ததெல்லாம் நமக்கெதுக்கு." அம்புட்டுத்தான். சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சு மிஷினை மிதிச்சிரணும். அதுக்கு மேல நீங்க என்ன கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. சமைக்கையில, துவைக்கையில, இவனைக் குளிப்பாட்டையில எல்லாம் சொல்லிச் சொல்லிப் பாத்திருக்கேன். 'மத்ததெல்லாம்'ங்கிற இடத்துல லேசா ஒரு மூச்சு விடணும். 'நமக்கெதுக்கு'ங்கிறப்ப கண்ணை ரோட்டுப் பக்கம் திருப்பிறணும்.

அதைக் கேட்டுட்டு எவனாவது பொண்ணு எடுப்பானா? வைதுகூடச் சொல்லலாம் அண்ணாச்சி, வைதா ஒண்ணும் ஆகாது. இவளுக்கும் அவுகளுக்கும் ஏதோ வாய்க்கால் தகராறுன்னு விட்டுட்டுப் போயிருவாக. ஒண்ணுமே சொல்லாம விட்டாத்தான் குடையும். என்னவா இருக்கும், என்னவா இருக்கும்னு நெஞ்சைப் போட்டுக் குடையும்.

சொல்லிட்டேன்ல. அம்புட்டுத்தான். மத்ததெல்லாம் நமக்கெதுக்கு.

என்ன, எந்திரிச்சிட்டீங்க? உக்காருங்க அண்ணாச்சி. இந்தப் பேச்சை நானா உண்டாக்கலை. இதை முதல்ல சொன்னது யாருன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?

எங்க வீட்டுக்காரருக்கு ஒரே தங்கச்சி, மாரிக்கனி. நான் வாக்கப்பட்டு வந்தப்பப் பன்னெண்டாப்பு படிச்சுக்கிட்டிருந்தா. "மதினி, மதினி"ன்னு என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே திரிவா. மூணு வருஷத்துக்கு முன்னாடி சாத்தூர்ப் பக்கம் இருந்து அவளுக்கு ஒரு இடம் வந்துச்சு. மாப்பிள்ளை அச்சாபீஸ்ல வேலை. நல்ல உயரம். அவுக ஆளுக மூணு பேரு விசாரிக்க வந்தாக. உங்களை மாதிரியே டீ குடிச்சுட்டு நேரா என் மிஷினுக்குத்தான் வந்தாக. நான்தான் பொண்ணோட அண்ணன் பொண்டாட்டின்னு அவுகளுக்குத் தெரியாது. நானும் சொல்லலை. நல்லதாப் போச்சு, நாமளே எடுத்துச் சொல்லுவோம்னு ஒரு மணி நேரம் சொன்னேன். ஒளிவு மறைவே இல்லை.

"தங்கமான பொண்ணு, வாய் மட்டும் கொஞ்சம் நீளம், மனசுல ஒண்ணும் வச்சுக்கிறாது"ன்னேன். "ஏழு மணிக்கு முன்னாடி எந்திரிக்காது, எந்திரிச்சா ரெண்டு ஆள் வேலை பாக்கும்"னேன். "கண்டக்டர் ஒருத்தன் மரியாதை இல்லாமப் பேசினான்னு நடுரோட்டுல பஸ்ஸை நிப்பாட்டி, டிரைவர்கிட்ட இருந்து சாவியைப் பிடுங்கி வச்சுக்கிட்ட பிள்ளை, அம்புட்டுத் தைரியம்"னேன். "இதுக்கு முன்னாடி ஒரு இடம் பூ வைக்கிற வரைக்கும் வந்துச்சு, அந்த மாப்பிள்ளைக்கு மூக்கு சரியில்லைன்னு இவளே வேண்டாம்னுட்டா, அம்புட்டு விவரம்"னேன். மூணு பேரும் அசையாமக் கேட்டாக. மோர் குடுத்தேன், ஒருத்தர் கையில வாங்கினவரு குடிக்கவே மறந்துட்டாரு.

என்ன அக்கா, வாயைப் பொத்திக்கிறீங்க? இருமலா? அந்தச் செம்புல தண்ணி இருக்கு, எடுத்துக் குடிங்க.

எங்கிட்ட இருந்து எந்திரிச்சு தலைவர் வீட்டுக்குப் போனாக. நீங்க போகப்போற அதே வீட்டுக்குத்தான். நம்ம ஆளுகள்ல பெரிய மனுஷன், ஊர்த்தலைவரு, அவருகிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படின்னு போனாக. மூணே நிமிஷம். பால்ராசு அங்க டீ குடுக்கப் போனவரு, காதால கேட்டதை எங்கிட்ட வந்து சொன்னாரு. தலைவரு நாற்காலியில சாஞ்சு உக்காந்துக்கிட்டு, "பொண்ணு நல்ல பொண்ணுதான். மத்ததெல்லாம் நமக்கெதுக்கு"ன்னாராம். சொல்லிட்டு பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரா வச்சுக்கிட்டாராம். மறுநாள் போன் வந்துச்சு. ஜாதகம் சேரலையாம். ஜாதகம் சேர்ந்ததாலதான அண்ணாச்சி விசாரிக்கவே வந்தாக!

மாரிக்கனி அழுதாளான்னா, அழலை. "விடுங்க மதினி, நல்லதாப் போச்சு"ன்னுட்டு நர்ஸ் படிப்புல சேர்ந்துட்டா. இப்ப மதுரையில ஆஸ்பத்திரியில வேலை. வெள்ளை உடுப்பு போட்டு, நாலு பிள்ளைகளோட நின்னு சிரிச்சுக்கிட்டு போட்டோ அனுப்புறா. வெளியிலதான் சிரிப்பு. உள்ளுக்குள்ள எப்படி வேகும்னு எனக்குத் தெரியாதா? "கனி, அந்த ஆளை நான் சும்மா விட மாட்டேன்டி"ன்னு போன்ல சொல்லுவேன். "எனக்காகன்னு எதையும் செஞ்சு வச்சிராதீங்க மதினி"ம்பா. பாருங்க, இந்த நெலமையிலயும் எனக்கு ஒண்ணு ஆயிறக் கூடாதுன்னு நெனைக்கிறா.

ஏன் அப்படிச் சொன்னாருன்னு கேக்கீங்களா? எல்லாம் எலெக்சன்தான். எங்க வீட்டுக்காரரு சுவர்ல எழுதுற பெயிண்டர். அந்தத் தேர்தல்ல தவசிலிங்கத்துக்குப் பூட்டு சாவிச் சின்னம். எதிர்த்து நின்னவருக்குச் சீப்பு. எதிர்த்து நின்னவரு எங்க வீட்டுக்காரரோட சேக்காளி. அதனால இவரு ஊர்ச்சுவர் பூராம் சீப்பா வரைஞ்சு தள்ளிட்டாரு. பல்லு பல்லா, அப்படியே எடுத்துத் தலை சீவலாம் போல இருக்கும். தவசிலிங்கம் ஒன்பது ஓட்டுல ஜெயிச்சாரு. ஒன்பதே ஒன்பது. அந்தச் சீப்பு மட்டும் இல்லைன்னா நானூறுல ஜெயிச்சிருப்பேன்னு அவருக்கு ஆத்திரம். மாலையும் கழுத்துமா எங்க தெரு வழியா வந்தவரு, எங்க வீட்டுக்காரரைப் பாத்து, "ஏ வேல்ச்சாமி, சீப்பை ஒழுங்கா எடுத்து வையி, வீட்டுல விசேஷம் வந்தாத் தேவைப்படும்"னாரு. எல்லாரும் சிரிச்சாக. நானும் விளையாட்டுப் பேச்சுன்னு சிரிச்சேன் அண்ணாச்சி. சிரிச்சதை நெனைச்சா இப்பவும் வயிறு எரியுது.

மறக்கவே மாட்டாரு அந்த ஆளு. யாரு எந்தச் சின்னத்துல குத்தினாகன்னு வீடு வீடா வரிசையாச் சொல்லுவாரு. சிமெண்டு ரோடு போட்டாரே, போய்ப் பாருங்க. அவரு வகையறா தெருவுல கடைசி வீட்டு வாசப்படி வரைக்கும் போகும். அதுக்கு அடுத்த அடி எங்க தெரு. அங்கன பிளேடு வச்சு அறுத்த மாதிரி நிக்கும். மழை பெஞ்சா என் பெரிய மக ஸ்கூலுக்குச் செருப்பைக் கையில தூக்கிக்கிட்டுப் போறா.

நூறு நாள் வேலைக்கு ஆளு பாக்கிறது யாரு? அவரு தங்கச்சி மருமக. தண்ணித்தொட்டிக்கு மோட்டார் போடுறது யாரு? அவரு பெரியப்பா பேரன். சத்துணவுக்கூடத்துல கரண்டி பிடிக்கிறது யாரு? கேக்கவே வேண்டாம். மச்சினன் மகன் ஒருத்தன், எட்டாப்புல ரெண்டு தடவை உக்காந்தவன், அவனுக்கு ஒரு வேலை வாங்குறதுக்கு கலெக்டர் ஆபீஸ் படிக்கட்டுல பதினாலு தடவை ஏறி இறங்கினாரு. நெசமாவே செருப்பு அத்துப்போச்சு. சொந்தக்காரனுக்காக ஒரு தலைவரு இப்படியா அலையிறது? அக்கா மகனைப் போலீஸ் கூட்டிட்டுப் போனப்ப, காலையில ஸ்டேஷன் பெஞ்சில உக்காந்தவரு, பச்சைத்தண்ணி குடிக்காமச் சாயங்காலம் அவனைக் கையோட கூட்டிட்டுத்தான் எந்திரிச்சாரு. தப்பு பண்ணினவனை விட்டுட்டு வர வேண்டாமா?

நம்ம ஆளுகளுக்குன்னு மண்டபம் கட்டினாரு. வெளி ஆளுகளுக்கு வாடகை, நம்ம ஆளுகளுக்குச் சும்மா. இது ஓரவஞ்சனையா இல்லையா, நீங்களே சொல்லுங்க. என் வளைகாப்பு அங்கதான் நடந்துச்சு. அது வேற.

இவன் வயித்துல இருக்கையில ஒரு நாள் திடீர்னு பனிக்குடம் உடைஞ்சு போச்சு. ஆம்புலன்ஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும்னாக. பாத்தா, வாசல்ல அவரு காரு நிக்குது. நாங்க சொல்லலை. யாரு சொல்லி வந்துச்சோ. அவரு பொண்டாட்டி முன் சீட்டுல உக்காந்திருக்கு, மடியில பழைய சேலை, பிளாஸ்க்குல வெந்நி. கோவில்பட்டிக்கு இருபத்தஞ்சு நிமிஷத்துல கொண்டுபோய்ச் சேத்தாக. எதுக்குன்னு நெனைக்கிறீங்க? ஓட்டுக்கு! பிரசவ வலியில துடிக்கிற பொம்பளைகிட்ட ஓட்டுப் பாக்கிற மனுஷன் அண்ணாச்சி அவரு. நான் அவருக்கு ஓட்டுப் போடலைன்னு தெரிஞ்சும் அனுப்பினாருன்னா எம்புட்டு நெஞ்சழுத்தம் பாருங்க.

என்ன அண்ணாச்சி, நீங்க பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கிட்டே இருக்கீங்க? சொந்தபந்தத்தை விட மாட்டாரான்னா கேக்கீங்க? விடவே மாட்டாரு! அதைத்தான இம்புட்டு நேரமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்!

என்னது? மறுபடி சொல்லுங்க. "இப்படி ஒருத்தர் சம்பந்தியா வாய்க்கணுமே"ன்னா?

அக்கா, அண்ணாச்சி என்ன சொல்றாரு? மாப்பிள்ளையோட அப்பா வர்ற தேர்தல்ல ஒன்றியக் கவுன்சிலுக்கு நிக்கப் போறாரா? நீங்க அவரோட தம்பியா? அதுக்கு இந்தப் பக்கம் கையைக் காலைப் பிடிக்கிற ஆளு ஒருத்தர் வேணுமா? அட, இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? நான் ஒரே பேச்சோட நிப்பாட்டியிருப்பேனே! மூணு வருஷம் சொல்லிப் பாத்த பேச்சு அண்ணாச்சி. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு சத்தியம் பண்ணாத குறை. என் வாயி இருக்கே...

சரி, இருங்க. அவசரப்படாதீங்க. பொண்ணைப் பத்திக் கேளுங்க.

பொண்ணு மேல நான் குத்தம் சொல்ல முடியாது. சொல்லத்தான் நெனைச்சேன். இந்தா மிஷின்ல இருக்கே அரக்குக் கலர் ஜாக்கெட், இது யாருதுன்னு நெனைக்கிறீங்க? உங்க இந்துமதியோடதுதான். நீங்க பொண்ணு பாக்க வர்ற அன்னைக்குப் போடுறதுக்காம். அவ அம்மா கோவில்பட்டியில பெரிய கடையில தைக்கக் குடுத்தா, இவ அதை வாங்கிட்டு வந்து எங்கிட்டக் குடுத்துட்டுப் போறா. "அக்கா, உங்க கழுத்து வெட்டு வேற யாருக்கும் வராதுக்கா"ன்னு. துணியைக் கையில வாங்கினதும் எனக்கு என்ன தோணுச்சுன்னா, ஒரு தோளை அரை இஞ்ச் ஏத்தி வெட்டிருவோம். உக்காந்தா ஒரு பக்கமா இழுக்கும், வர்றவுக பாத்தா தோள் கோணைன்னு நெனைப்பாகன்னு சாக்பீஸ்ல கோடும் போட்டுட்டேன். கத்தரி போகலை அண்ணாச்சி. வஞ்சம் வேற, வேலை வேற. கோடை அழிச்சுட்டுச் சரியா வெட்டினேன். பாருங்க, எடுத்துப் பாருங்க அக்கா, எப்படி உக்காந்திருக்கு.

அளவு குடுக்க நின்னப்ப அந்தப் பிள்ளை ஏதோ சொல்லிக்கிட்டிருந்துச்சு. பி.எட். முடிக்கணும்கா, ஒரு வருஷம் பொறுங்கன்னா அப்பா கேக்க மாட்டேங்கிறாரு, மதுரையில மாரிக்கனி அக்காகூட விடுதியில தங்கிப் படிக்கிறேன்னா முறைக்கிறாருன்னு. நான் காதுல வாங்கலை. ஊக்கு எத்தனை வேணும்னு எண்ணிக்கிட்டிருந்தேன். ரெண்டும் போன்ல தினம் பேசிக்கும் போல, மாரிக்கனியும் இவளும். எனக்குத் தெரியாதுன்னு நெனைப்பு.

ஆனா ஒண்ணு. நீங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்றேன். இதை இந்த ஊர்ல ஒருத்தரும் சொல்ல மாட்டாக. பூசாரியும் சொல்லியிருக்க மாட்டாரு.

ரோட்டுல அந்த பேனரைப் பாத்தீங்கள்ல? 'மண்ணின் மைந்தர்'னு போட்டு, கையைக் கூப்பிக்கிட்டு நிக்கிறாரே. எங்க மண்ணு, எங்க மண்ணுன்னு பேச்சுக்குப் பேச்சு சொல்வாரு. போன கிராமசபைக் கூட்டத்துல எங்க வீட்டுக்காரரு எந்திரிச்சு, "எங்க தெருவுக்கு எப்ப ரோடு?"ன்னு ஒரே கேள்வி கேட்டாரு. அதுக்கு இவரு, அத்தனை பேரு முன்னாடி மைக்குல, "வந்தேறிப் பயலுக்கு ரோடு ஒரு கேடாடே? எங்க பாட்டன் பூட்டன் இந்தக் காளியம்மனுக்குப் பொங்கல் வச்ச ஊரு இது. உங்க தாத்தன் மஞ்சப்பையைத் தூக்கிட்டு எந்தத் திசையில இருந்து வந்தான்னு கேட்டுட்டு வா"ன்னாரு. எங்க வீட்டுக்காரரு சோறு திங்கலை அன்னைக்கு. எங்க மாமியா வாசல்ல உக்காந்து மூக்கைச் சிந்திக்கிட்டே இருந்தாக. சிந்திக்கிட்டே ஒரு விஷயத்தைச் சொன்னாக.

வந்தேறின்னாரே, அவரு யாரு தெரியுமா? அவுக அப்பா இந்த ஊரே இல்லை. இங்க பொண்ணைக் கட்டி, வீட்டோட மாப்பிள்ளையா வந்து உக்காந்தவரு. மாமனாருக்கு ஆண்பிள்ளை கிடையாது, காடு கரையெல்லாம் இவருக்குத்தான் வந்துச்சு. காளியம்மன் தலைவரோட அம்மா வீட்டுச் சாமி. அப்பன் வழிச் சாமி வேற. தெரிஞ்ச பெருசுக ஒண்ணு ரெண்டு செத்துப்போச்சு, மிச்சம் பயந்துக்கிட்டு வாயைத் திறக்காது. சாமியைச் சொன்னா ஊர் தெரிஞ்சிரும், ஊர் தெரிஞ்சா 'மண்ணின் மைந்தர்' போயிரும். எலெக்சன்ல நிக்க முடியுமா?

அதோட விடலை நான். எங்க அம்மா ஊரு வேப்பங்குளம். போன வைகாசியில போயிருந்தப்ப, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், குளத்தங்கரைக் கோயில் பக்கம் துணி துவைக்கப் போனேன். வேலிக்கு மறைவா ஒரு காரு நிக்குது. நம்பரைப் பாத்தா தலைவரு காரு! அந்தக் காருலதான நான் பிரசவத்துக்குப் போனேன், எனக்குத் தெரியாதா? எட்டிப் பாத்தா, தலையில துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கிட்டு, தனியா மூணு கல்லை வச்சுப் பொங்கல் பொங்கிக்கிட்டிருக்காரு. ஒத்தப்பனை மாடசாமி கோயில்ல. மாசிக்களரித் திருவிழாவுக்குப் பங்காளிக எல்லாம் கூடுவாகள்ல, அன்னைக்கு வர மாட்டாரு. நாலு பேரு பாத்துட்டா வெளியில வந்துருமே. ஈ காக்கா இல்லாத நேரமாப் பாத்து வந்து, சாமிக்கும் சோத்தைக் காட்டிட்டு, ஊருக்கும் தெரியாம வந்துருவாரு. சாமியையே ஒளிச்சு வச்சுக் கும்பிடுற ஆளு உங்களுக்கு என்னத்தை உண்மையா...

என்ன அக்கா? ஏன் கன்னத்துல போட்டுக்கிறீங்க?

அண்ணாச்சி, ஏன் எந்திரிச்சு நிக்கிறீங்க? ஆமா, வேப்பங்குளம்தான். ஆமா, ஒத்தப்பனைக்குக் கீழதான். ஆமா, மண்குதிரை, முன்னங்காலு ஒண்ணு உடைஞ்சது. உங்களுக்கு எப்படித் தெரியும்?

உங்களுக்குமா!

உங்க குலதெய்வமுமா! கல்யாணத் தரகரு உங்க சாமி பேரு பெரியசாமின்னுல்ல சொல்லியிருக்காரு? ஓகோ, உங்க வீடுகள்ல சாமி பேரை வாயால சொல்றதில்லையா? பெரியசாமின்னுதான் சொல்வீங்களா? அந்தத் தரகரு அதை அப்படியே இங்க வந்து சொல்லியிருக்காரு. தலைவரும் பெரியசாமின்னா வேற ஏதோ சாமின்னு நெனைச்சிட்டாரு. உங்ககிட்டக் காளியம்மன்னு சொல்லிவிட்டாரு!

அப்ப நீங்களும் அவரும் பங்காளிக! ஒரே சாமிக்குப் பொங்கல் வைக்கிற ஒரே வீட்டு ஆளுக! இந்துமதி உங்களுக்கு மக முறை. உங்க அண்ணன் மகனுக்குத் தங்கச்சி. தங்கச்சிக்கு எவன் அண்ணாச்சி தாலி கட்டுவான்? போச்சு! கல்யாணம் போச்சு! ஒத்தப்பனை மாடா, உனக்கு ஒரு தேங்கா உடைக்கிறேன்டாப்பா! பொய்யைச் சொல்லி ஓட்டு வாங்கினவருக்கு அந்தப் பொய்யாலயே விழுந்துச்சு பாருங்க. ஜாதகம் சேரலைன்னு அவுகளுக்கு நீங்க போன் போட வேண்டியதில்லை. சாமியே போன் போட்டுருச்சு!

ஏ குட்டி, எந்திரிச்சிட்டியா? வா, வா. அம்மா சிரிச்சதுல முழிச்சிட்டியா? உன் அத்தைக்காக ஒரு காரியம் பண்ணிட்டேன்டா இன்னைக்கு.

அண்ணாச்சி? என்ன, கண்ணைத் துடைக்கிறீங்க? பொண்ணு கைவிட்டுப் போச்சேன்னா? விடுங்க, ஊருல பொண்ணா இல்லை?

அது இல்லையா? என்ன ஆறாவது வீடு? புரியிற மாதிரிச் சொல்லுங்க. உங்க பங்காளிக மொத்தம் ஆறு வீடா? அதுல ஒரு வீட்டு ஆளுக கோவிச்சுக்கிட்டு ஊரை விட்டுப் போயி, எங்க போனாகன்னே தெரியலையா? களரியில அஞ்சு பானை பொங்கிட்டு, ஆறாவதுக்கு வெறும் அடுப்புக்கல்லை மட்டும் வச்சு விட்டுருவீகளா? உங்க அப்பா சாகிற வரைக்கும் அந்தக் கல்லைப் பாத்து ஏங்கினாரா?

சரி, அதுக்கென்ன இப்ப?

அந்த ஆறாவது வீடு இதுதானா? தவசிலிங்கமா?

இருங்க, இருங்க. எங்க கிளம்பிட்டீங்க? பஸ் அந்தப் பக்கம் வரும் அண்ணாச்சி. அங்கயா? இப்பவா? கல்யாணம்தான் இல்லைன்னு ஆயிப்போச்சே, அங்க போயி என்ன பண்ணப் போறீங்க? கட்டிப் பிடிச்சு அழவா? அக்கா, நீங்களாவது சொல்லுங்களேன். அவரு பொய் சொன்னவரு. உங்க சாமியை ஒளிச்சு வச்சவரு. போயி சட்டையைப் பிடிச்சு, "ஏன்டா ஒளிச்சே"ன்னு ரெண்டு கேள்வி கேளுங்க, அது நியாயம். என்ன? "அண்ணன் தம்பிக்குள்ள என்ன கேள்வி"ங்கிறீங்களா? "சம்பந்தி இன்னைக்கு வருவான், நாளைக்குப் போவான், பங்காளி போவானா"ன்னா? ஒன்றியத் தேர்தலுக்கும் இனிமே பேச்சே வேண்டாமா, ரத்தமே வேலை பாக்குமா?

அடப்பாவமே. பேனர் கிழிஞ்சிரும்னு பாத்தா, நீங்க போயி மாசிக்களரிக்கு வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடுவீங்க போலயே.

சரி, போங்க. போறதுதான் போறீங்க, ஒண்ணு மட்டும் செய்யுங்க. கல்யாணம் நின்னுபோச்சு. அது நின்னதுதான? எப்படி நின்னுச்சுன்னு அவரு கேப்பாரு. என் பேரைச் சொல்லுங்க. வேல்ச்சாமி பொண்டாட்டின்னு சொல்லாதீங்க, அது எங்க வீட்டுக்காரரு கணக்குல போயிரும். செண்பகவல்லின்னு சொல்லுங்க. அவதான் நிப்பாட்டினா, மூணு வருஷம் காத்திருந்து நிப்பாட்டினான்னு சொல்லுங்க. அவரு சந்தோஷத்துல இருக்கையில சொல்லாதீங்க, காதுல ஏறாது. முதல் வார்த்தையா அதைச் சொல்லுங்க. அவரு முகம் எப்படிச் செத்துப் போகுதுன்னு நல்லாப் பாத்துக்கோங்க அண்ணாச்சி. மூணே முக்காலுக்குத்தான் அடுத்த பஸ். திரும்பி வரையில இங்கன ஒரு நிமிஷம் நின்னு, அந்த முகத்தை எனக்குச் சொல்லிட்டுத்தான் நீங்க ஏறணும்.

அண்ணாச்சி! கேக்குதா?